ஒடியல் மா போடாத கூழ்

போன மாசம் எங்கட வீட்டில் ஒரு சண்டை நடந்தது. காரணம் சோறு.

அம்மம்மாவுக்குச் சலரோகம் வந்து பதினைந்து வருசத்துக்கு மேல். இவ்வளவு காலமும் குளிசையோடு சமாளித்தவ. இந்த முறை கிளினிக்கில் சீனி கூடிப்போச்சு, சோத்தைப் பாதியாகக் குறையுங்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அன்று மத்தியானமே கோப்பையில் ஒரு அகப்பை சோறுதான் போட்டா. அம்மம்மா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிவிட்டா. "ஒரு பிடி சோத்துக்கு வழியில்லாமலோ நான் உங்களை வளர்த்தனான்?" என்று கேட்டது மட்டும் குசினி வரைக்கும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினாள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து "கேஜன்" முறையில் பீன்ஸும் சோறும், அதுவும் உடம்புக்கு நல்ல வகையில். அசல் சமையலில் சிவப்பு பீன்ஸோடு பன்றி இறைச்சியும் சொசேஜும் கொழுப்பும் உப்பும் தாராளமாகப் போகும், வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். வீடியோவில் சொசேஜ் இல்லை. வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு போகாத அரிசி. சோற்றை விட பீன்ஸ் கூட.

வேலணைக் கடையில் அந்த பீன்ஸ் கிடைக்கவில்லை. சிவப்புக் கௌப்பி வாங்கினேன். செலரிக்கு எங்கே போவது? வேலியில் நின்ற முருங்கையில் இரண்டு நெட்டு முறித்தேன். குத்தரிசி வீட்டில் இருந்தது. எல்லாம் ஒரே பானையில் அவிந்து களியும் கஞ்சியுமாக வந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அம்மம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தா.

"உதென்ன பிள்ளை, ஒடியல் மா போடாத கூழ்."

சொல்லிவிட்டு இன்னொரு அகப்பை விடச் சொன்னா. சோறு குறைந்ததற்குக் கோபப்பட்டவ, அதைவிடக் குறைவாகச் சோறு இருந்த ஒன்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா. அது ஏன் என்று யோசிக்கத் தொடங்கித்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன்.

கேஜன் என்பவர்கள் யார்?

முதலில் அந்தப் பெயரைத் தேடினேன். மசாலாப் பைக்கற்றில் மட்டும் பார்த்த சொல், ஒரு இடப்பெயர்வின் பெயராக இருந்தது.

1604இலிருந்து பிரெஞ்சுக் குடியேற்றக்காரர்கள் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் ஊர்கள் அமைத்தார்கள். அந்தப் பகுதிக்கு அக்கேடியா என்று பெயர். கடல்நீர் ஏறும் உவர் நிலங்களுக்கு மண்ணணை கட்டி, உப்பை மழைநீரால் கழுவ விட்டு, அதில் பயிர் செய்தார்கள். உவருக்கு எதிராக ஒரு வயலை மீட்பது எவ்வளவு பாடு என்று தீவுப்பகுதி ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1713இல் அந்த மண் பிரித்தானியரின் கைக்குப் போனது. நிபந்தனையில்லாத விசுவாசச் சத்தியம் செய்ய அக்கேடியர்கள் மறுத்தார்கள். 1755இல் வெளியேற்றம் தொடங்கியது. வீடுகள் எரிக்கப்பட்டன. அடுத்த எட்டு வருசத்துக்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டுத் திசைதிசையாக அனுப்பப்பட்டார்கள். நோயிலும் கப்பல் உடைந்தும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் 1760களிலிருந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். "அக்கேடியன்" என்ற சொல் வாய்க்கு வாய் மாறி "கேஜன்" ஆனது.

1755இல் எங்கட தீவுகள் ஒல்லாந்தரின் கையில் இருந்தன. வேலணைத் தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன, டெல்ஃப்ட் மட்டும் இன்றும் பலகைகளில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவப்பு பீன்ஸும் சோறும் உண்மையில் கேஜன்களின் கண்டுபிடிப்பு இல்லை. அது நியூ ஓர்லீன்ஸ் நகரத்துக் கிரியோல் சமையல். அதன் வேர் கறுப்பின மக்களின் கையில் இருக்கிறது. 1719இல் லூசியானாவுக்கு வந்த முதல் அடிமைக் கப்பல்களில் நெல்லும், நெல் விளைவிக்கத் தெரிந்த மேற்கு ஆபிரிக்க மக்களும் சேர்ந்தே கொண்டுவரப்பட்டார்கள். ஹெயிட்டிப் புரட்சியில் அகதியாகி, கியூபாவுக்குப் போய், அங்கிருந்தும் துரத்தப்பட்டு 1809இல் நியூ ஓர்லீன்ஸ் வந்த ஆயிரக்கணக்கானோர்தான் இந்தச் சமையலைப் பரப்பினார்கள் என்று பலர் கருதுகிறார்கள். அங்கே இது திங்கட்கிழமைச் சாப்பாடு. திங்கள் உடுப்புத் தோய்க்கும் நாள். ஞாயிறு மிஞ்சிய பன்றி எலும்போடு பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டுப் பெண்கள் தோய்க்கப் போவார்கள். ஜாஸ் இசைக் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் தன் கடிதங்களில் கையெழுத்துக்கு முன் இந்தச் சாப்பாட்டின் பெயரை எழுதுவாராம். அவ்வளவு பிடித்தம்.

பயற்றங்காயின் பயணம்

அம்மம்மா சொன்ன "கூழ்" என்ற சொல்லை நான் முதலில் பகிடியாகத்தான் எடுத்தேன். பிறகு இரண்டு பானைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எங்கட கூழுக்குள் என்ன போடுகிறோம்? ஒரு கைப்பிடி அரிசி, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கை இலை. நண்டு, இறால், சின்ன மீன். செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, பழப்புளி. கடைசியில் தடிப்பாக்க ஒடியல் மா.

பயற்றங்காயும் கௌப்பியும் ஒரே இனத்துச் செடி. அந்த இனத்தின் தாயகம் ஆபிரிக்கா. மிகப் பழைய காலத்திலேயே இந்தியப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. கிழக்கே வந்த கிளை நீண்ட காயாகி எங்கட பந்தலில் தொங்குகிறது. மேற்கே போன கிளை அடிமைக் கப்பல்களோடு அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போய், புதுவருசத்துக்குச் சோற்றோடு சமைக்கும் பயறாகியது. பீன்ஸ் கிடைக்காமல் நான் கௌப்பி போட்டது பிழையில்லை என்று அப்போதுதான் நிம்மதி. இந்தச் சமையலின் பழைய பயறு அதுதான்.

புளியும் ஆபிரிக்காவின் மரம். செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தின் செடிகள். மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக வந்தது, மரவள்ளி ஒல்லாந்தர் காலத்தின் கடைசிப் பகுதியில் வந்தது. "யாழ்ப்பாணத்தின் பாரம்பரியக் கூழ்" என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் பானைக்குள் மூன்று கண்டங்கள் அவிகின்றன.

லூசியானாவில் கூழுக்கு இன்னும் கிட்டின சொந்தம் "கம்போ". நண்டும் இறாலும் போட்டு, வெண்டிக்காயாலோ, சசஃப்ராஸ் என்ற மரத்தின் காய்ந்த இலைப் பொடியாலோ தடிப்பாக்குவார்கள். வெண்டிக்காய் ஆபிரிக்காவின் கொடை. "கம்போ" என்பதே வெண்டிக்காயைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல்லில் இருந்து வந்தது. இலைப் பொடியைக் கொடுத்தவர்கள் அந்த மண்ணின் சொக்டோ பழங்குடிகள். அந்தப் பொடி செய்கிற வேலையை எங்கட பானையில் ஒடியல் மா செய்கிறது.

தீவில் சோறு என்றால்

நெடுந்தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணித்தியாலம் போய் இறங்கினால் முருகைக்கல் வேலிகளும் பனையும்தான் முதலில் கண்ணில் படும். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். நெல் மாரி மழையை நம்பி வருசத்துக்கு ஒரு போகம். மழை பிழைத்தால் அதுவும் இல்லை. இப்படியான இடத்தில் மூன்று நேரமும் சோறு என்பது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியமாக இருந்ததில்லை. வரகு, சாமை, குரக்கன், பயறு, இவற்றோடு பனை.

பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, கிழங்கைக் கிண்டி எடுத்து, நார் உரித்துக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கயர்ப்பை எடுத்துவிட்டுத்தான் கூழுக்குப் போடுவார்கள். வருசக்கணக்கில் கெடாது, காசும் தேவையில்லை. விற்க முடியாத சின்ன மீனும் உடைந்த நண்டும் மீன்பிடிக்கிற வீட்டில் எப்போதும் மிஞ்சும். கூழ் பிறந்தது இப்படித்தான். பிளாவைச் சுற்றி இருந்து குடிக்கிற படம் இப்போது அழகாக இருக்கிறது. அம்மம்மாவின் சின்ன வயதில் அரிசி போதாத நாள்களின் சாப்பாடு அது. "சோறு ஆக்கின நாளிலை அடுத்த வீட்டுக்குத் தெரியத் தெரியச் சாப்பிடுவம்" என்று அவ சொல்லுவா.

அதற்காகச் சோறும் பயறும் ஏழ்மையின் சேர்க்கை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் ஆடிக்கூழ் அரிசி மாவும் வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. பொங்கல் பானையிலும் அரிசியோடு பயறு போகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போனால் அன்னதான மடத்தில் யாரென்று கேட்காமல் சோறும் பருப்பும் போடுவார்கள். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்பவர்கள் கனபேர்.

அரிசி வெள்ளையான கதை

அந்தக் காலத்துச் சோறு இன்றைய சோறு இல்லை. நெல்லை ஊறவிட்டு, அவித்து, வெயிலில் காயவிட்டு, உரலில் குத்தி எடுத்த புழுங்கல். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல். உலக்கையால் உமி போகும், தவிடு முழுக்கப் போகாது.

இதன் அருமையை உலகம் விளங்கிக்கொண்ட கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆலைகள் அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கின. ஆசியா முழுக்க பெரிபெரி நோய் பரவியது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நிற்கும். ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டின அரிசி தின்ற கோழிகளுக்கும் அதே மாதிரி வருத்தம் வருவதைக் கண்டார். மலாயாவில் தீட்டின பச்சையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் சாக, புழுங்கல் சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்கள் தப்பினார்கள். 1905இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியினருக்குப் புழுங்கலும் மற்றவர்களுக்குத் தீட்டின அரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, பெரிபெரி இரண்டாவது கூட்டத்தையே பிடித்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின், அதாவது விற்றமின் பி1, அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மலாயா கந்தோர்களுக்கு வேலைக்குப் போன யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கட குடும்பங்களிலும் இருந்தார்கள். இந்தக் கதை பாடப்புத்தகத்தில் வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பிறகு அரிசி அரசியலாகியது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடு கொந்தளித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1970 தேர்தலில் சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற பேச்சு இன்றைக்கும் பகிடியாக ஓடுகிறது. அடுத்த சில வருசத்தில் பருப்பு, மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, குடாநாட்டு விவசாயிகள் காசு பார்த்தார்கள். அதே காலத்தில்தான் நாடு முழுக்கத் தட்டுப்பாடு, மரவள்ளி தின்ற காலம். எங்கட அம்மம்மா அப்போது இளம்பெண். கூப்பன் கடை வரிசையில் நின்று வாங்கின அரிசி அவவுக்கு வெறும் மாச்சத்து இல்லை. வீட்டின் மானம்.

பள்ளிக்கூடத்தில் காய்ச்சின கூழ்

அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு பின்னேரம் அம்மா சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை.

1990 ஓகஸ்டில் தீவுப்பகுதி யுத்தத்துக்குள் போனது. அந்த வருசமும் அடுத்த வருசமுமாக வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் இருந்து பெருந்தொகை மக்கள் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். எங்கட ஆட்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வேறு மூன்று குடும்பங்களோடு இருந்தார்கள். அம்மாவுக்குப் பதினாலு வயது. அம்மம்மா எடுத்துவந்த சாமான்களில் ஒரு பை ஒடியல் மாவும் இருந்தது.

நிவாரணமாக அரிசியும் பருப்பும் கோதுமை மாவும் கிடைத்தன. நாலு குடும்பத்துக்கும் தனித்தனிச் சோறு ஆக்க அரிசி காணாது. அம்மம்மாதான் எல்லாருடைய அரிசியையும் பருப்பையும் ஒரே பானையில் போட்டு, முருங்கை இலை முறித்துப்போட்டு, ஒடியல் மா கரைத்து விட்டுக் கூழ் காய்ச்சினவ. நண்டு இல்லை, மீனும் இல்லை. ஒடியல் மா மூன்று கிழமையில் முடிந்தது. பிறகும் அதே பானையைத்தான் காய்ச்சினா. பிள்ளைகள் "இதென்ன?" என்று கேட்டால் "ஒடியல் மா போடாத கூழ்" என்று சொல்லுவாவாம். கஞ்சி என்று சொல்ல அவ விரும்பவில்லை. கூழ் என்றால் எல்லாரும் சேர்ந்து குடிக்கிறது, கஞ்சி என்றால் இல்லாத ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிறது என்று அவவுக்கு ஒரு கணக்கு.

ஆக, அன்று என்ர பானையைப் பார்த்து அவ சொன்னது பகிடி இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போனபோதும் அதே பானைதான். ஊருக்குத் திரும்பி, பிள்ளைகள் உழைத்து, மூட்டை மூட்டையாக அரிசி வாங்கக்கூடிய நிலைமை வந்த பிறகு அவ கோப்பை நிறையச் சோறு போட்டா. வெள்ளைச் சோறு. அதில் இருந்து பாதியை எடு என்று நாங்கள் சொன்னது அவவுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

சலரோகத்துக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்வது மருத்துவமாகச் சரிதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சோறு குறைந்த ஒவ்வொரு காலமும் யுத்தமாகவோ பஞ்சமாகவோ இருந்த ஒரு ஆளுக்கு, "குறை" என்ற சொல் மருந்தாகக் கேட்காது. எங்கட வீடுகளில் கனக்கக் கிழவிகள் உணவுக் கட்டுப்பாட்டை மீறுவது பிடிவாதத்தால் மட்டும் என்று நான் இனி நினைக்கமாட்டேன்.

இப்போது நாங்கள் காய்ச்சுவது

நாலைந்து பேருக்கு: ஒன்றரைச் சுண்டு சிவப்புக் கௌப்பியை இரவே ஊறவிடுங்கள். முக்கால் சுண்டு சிவப்புக் குத்தரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால் போதும். வெங்காயம், உள்ளி, கறிமிளகாயை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கி, மிளகாய்த்தூள், மிளகுதூள், கௌப்பி, தண்ணீர் விட்டு அவிய விடுங்கள். கௌப்பி பாதி அவிந்ததும் அரிசி. எல்லாம் அவிந்த பிறகு ஒரு அகப்பை கௌப்பியை எடுத்து மசித்துத் திரும்பப் போட்டால் பானை தானாகத் தடிக்கும். லூசியானாவிலும் இதே வித்தைதான். பிறகு பயற்றங்காய், முருங்கை இலை, கொஞ்சம் பழப்புளி. ஒடியல் மா இருந்தால் இரண்டு மேசைக்கரண்டியை ஊறவிட்டு, கயர்ப்பு நீரை வடித்துவிட்டுக் கடைசியாகக் கரைத்துவிட்டு நல்லாகக் கொதிக்க விடுங்கள். சொசேஜின் இடத்தில் இறால். புளி இருப்பதால் உப்புக் குறைந்தது தெரியாது. கருவாடு போட்டால் உப்பே போட வேண்டாம்.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது இறைச்சி இல்லாமலே புரதம் நிறைவாகிறது. பயறின் நார்ச்சத்தால் சீனி மெதுவாக ஏறும். அதற்காக மூன்று கோப்பை குடிக்கலாம் என்று இல்லை. மரவள்ளியும் பலாக்கொட்டையும் மாச்சத்துத்தான், சலரோகக்காரரின் பானையில் அவற்றை விட்டுவிடலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பயறு கூட்ட முதல் வைத்தியரைக் கேட்க வேண்டும். அசல் சிவப்பு பீன்ஸ் கிடைத்தால் ஊறின தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள், அரைவேக்காட்டில் அது நஞ்சு.

மச்சாளுக்குப் படம் அனுப்பினேன். அவளின் தகப்பனும் அந்த வகுப்பறையில் இருந்த பிள்ளைகளில் ஒருவர். அவர்கள் இப்போது இருக்கும் நாட்டின் கிழக்குக் கரையில் இருந்துதான் அக்கேடியர்கள் துரத்தப்பட்டார்கள். 2003இல் பிரித்தானிய முடியின் பெயரால் ஒரு பிரகடனம் வந்தது. அந்த வெளியேற்றம் நடந்தது, அது துயரம் தந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஜூலை 28 அதன் நினைவுநாள். ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ 250 வருசம் எடுத்திருக்கிறது. "எங்கடதுக்கு எவ்வளவு எடுக்கும்?" என்று மச்சாள் எழுதியிருந்தாள். நான் பதில் எழுதவில்லை.

கிளினிக்குக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. சீனி குறைந்திருக்குமோ தெரியாது. அம்மம்மா இப்போது கிழமைக்கு மூன்று நாள் இதைக் குடிக்கிறா. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறா.

"சோத்தைக் குறை எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ. கூழ் காய்ச்சுவம் எண்டு சொல்லுங்கோ. நானும் வந்து முருங்கை இலை உருவித்தாறன்."